அசுவினிக்கு எதை வாங்குவது? செங்கோட்டை, புளியரை பக்கம் கிடைக்கும் இயற்கை மருந்துகள் குறித்து

செடிச் சாற்றை உறிஞ்சும் அசுவினியை இங்கே பேன் என்றும் சொல்வார்கள். செங்கோட்டை உரக்கடையில் "அவரையில பேன் விழுந்திருக்கு, இயற்கையா ஏதாவது குடுங்க" என்று கேட்டால் மேசைக்கு வருபவை ஏறக்குறைய இவைதான். '10000 பி.பி.எம்.' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட சின்ன வேம்பு பாட்டில். பூச்சியைக் கொல்லும் பூஞ்சைப் பொடியான வெர்டிசிலியம் பொட்டலம் ஒன்று. நாலைந்து மஞ்சள் அட்டை. பெயரில் மட்டும் 'ஹெர்பல்' இருந்து, உள்ளே என்ன என்று எங்கேயும் எழுதாத இன்னொரு பாட்டில். நாட்டு மருந்துக் கடைக்குப் போனால் வேப்பெண்ணெய், செக்குக்காரரிடம் போனால் அதே வேப்பெண்ணெய் இன்னும் கெட்டியாக. புளியரை தாண்டி, கேரளத்தின் ஆரியங்காவு, புனலூர் பக்கம் போனால் பூண்டும் வேப்பெண்ணெயும் கலந்த கரைசலைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள்.

1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த ஊர் செங்கோட்டை. இன்றைக்கும் இங்கே தோட்ட யோசனை இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர்கிறது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் வேப்பங்கொட்டைச் சாறும், கேரள வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் பூண்டுக் கரைசலும் ஒரே தெருவில் ஓடும். மாடியிலோ கொல்லையிலோ முப்பது செடிப் பை வைத்திருக்கிற வீட்டுக்கு இவற்றில் எது காசுக்குத் தகும், எது தகாது என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

எதையும் வாங்கும் முன் அசுவினியின் குணம் தெரிந்தால் பாதிக் காசு மிச்சமாகும். நம்முடைய வெப்பத்தில் அது முட்டையிட்டுப் பெருகுவதில்லை. பெண் பூச்சி ஆண் துணையில்லாமலே உயிருள்ள குட்டிகளைப் போடும். குட்டி ஒரு வாரத்தில் தாயாகும். எனவே 'முட்டையையும் சேர்த்து அழிக்கும்' என்று லேபிளில் எழுதியிருப்பதற்குக் கூடுதல் காசு தர வேண்டியதில்லை. இன்னொன்று, அது இலையைக் கடித்துத் தின்பதில்லை. ஊசி போன்ற வாயை நரம்புக்குள் இறக்கிச் சாற்றை உறிஞ்சிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும். இலையின் மேல்பக்கம் படுகிற மருந்து அதன் வயிற்றுக்குள் போகவே போகாது. உடம்பு மட்டும் மிக மென்மை. மேல்தோல் சரியாக நனைந்தால் அதிலேயே செத்துவிடும். ஆகவே அசுவினி மருந்துக்கு ஒரே கேள்விதான்: இது பூச்சியின் உடம்பில் படுகிறதா? கீழே வருகிற எல்லாவற்றையும் இந்த ஒரு கேள்வியால்தான் எடை போட்டிருக்கிறோம்.

தெளிப்பான்: முதல் செலவு இதற்கே

நல்ல மருந்து வாங்கி மோசமான தெளிப்பானில் அடிப்பதுதான் இங்கே அதிகம் நடக்கிற தவறு. கடைகளில் கிடைக்கும் விசை அழுத்தும் பாட்டில் பத்துத் தொட்டி வரை போதும். ஆனால் அதில் ஒரு குறை இருக்கிறது. இலையின் அடியில் அடிக்கப் பாட்டிலைச் சாய்த்தால் உள்ளே இருக்கிற குழாய் தண்ணீரை விட்டு வெளியே வந்து வெறும் காற்றை உறிஞ்சும். பாதி பாட்டில் காலியானதும் அடிப்பக்கத்துக்கு மருந்தே போகாது. அசுவினி இருப்பதோ அந்த அடிப்பக்கத்தில்தான்.

அதனால் கையால் காற்றடைக்கும் 1 லிட்டர் அல்லது 2 லிட்டர் தெளிப்பானுக்கே போங்கள். வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். நாசிலை மேல்நோக்கித் திருப்ப முடிகிறதா, அல்லது வளைந்த குழல் ஒன்று கூட வருகிறதா? நாசிலைத் திருகினால் நேர்க்கோட்டுப் பீச்சலிலிருந்து பனிமூட்டம் போன்ற தூறல் வரை மாறுகிறதா? உள்ளே போகும் குழாயின் நுனியில் சல்லடை இருக்கிறதா? கடைசி விஷயத்தை யாரும் கவனிப்பதில்லை. சல்லடை இல்லாத தெளிப்பானில் பூண்டுச் சாறோ வெர்டிசிலியம் பொடியோ இரண்டாவது நிமிடத்தில் நாசிலை அடைத்துவிடும். 16 லிட்டர் பேட்டரி தெளிப்பான் வீட்டுக்குத் தேவையில்லை. அதன் வேகத்தில் கொத்தமல்லி தரையோடு படுத்துவிடும்.

முப்பது பைக்கு ஒரு தடவை அடிக்க ஏறக்குறைய 2 லிட்டர் கரைசல் ஆகும். அடிப்பக்கத்திலிருந்து சொட்டுச் சொட்டாக வடிகிற அளவுக்கு நனைக்க வேண்டும். அரை லிட்டரில் முப்பது பையையும் முடித்தீர்கள் என்றால் பூச்சி நனையவில்லை என்று அர்த்தம். எண்ணெய் கலந்த கரைசல் அடித்த நாளில் தெளிப்பானை வெந்நீரும் சோப்பும் விட்டுக் கழுவி, வெறும் தண்ணீரையும் ஒரு முறை பீச்சிவிடுங்கள். வேப்பெண்ணெய் உள்ளேயே உறைந்தால் நாசில் அடைக்கும், ரப்பர் வாஷரும் உப்பிக் காற்று கசியும். தெளிப்பான் 'ஒரே மாசத்துல போச்சு' என்று வருகிற புகாரில் பெரும்பாலானது இதுதான்.

தெளிப்பான் கையிலிருந்தால் முதல் இரண்டு நாளுக்கு வெறும் தண்ணீரே மருந்து. நுனித் தண்டைப் பின்பக்கம் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு கூர்மையான பீச்சலில் அடியுங்கள். இறக்கையில்லாத பூச்சி கீழே விழுந்தால் பெரும்பாலும் செடிக்குத் திரும்பாது. காலையில் அடித்தால் வெயிலுக்குள் இலை காய்ந்துவிடும். வெண்டை, கத்தரி, தட்டைப்பயற்றுக் கொடி இதைத் தாங்கும். பூத்திருக்கும் மிளகாயில் மட்டும் வேகத்தைக் குறையுங்கள், இல்லாவிட்டால் பூ உதிரும்.

சோப்பு: மலிவு, வேகம், ஆனால் காய்ந்ததும் காலி

அசுவினிக்கென்று ஒரே ஒரு பொருளுக்குக் காசு இருக்கிறது என்றால் நல்ல பார் சோப்பு ஒன்று வாங்குங்கள். எங்கள் தீர்ப்பு இதில் மாறாது. சோப்பில் இருக்கிற கொழுப்பமில உப்பு பூச்சியின் மெழுகுத் தோலைக் கரைக்கிறது, உடம்பின் ஈரம் வெளியேறி அது சாகிறது. ஒரு லிட்டருக்கு 5 கிராம் போதும். சோப்பைச் சீவி, கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரில் முழுக்கக் கரைத்து, வடிகட்டி, பிறகு லிட்டருக்கு நிரப்புங்கள்.

கவனிக்க வேண்டியது, பார் வடிவில் இருப்பதெல்லாம் சோப்பு இல்லை. துணி துவைக்க விற்கும் பலவும் டிடர்ஜென்ட் கட்டிகள். பாத்திரம் கழுவும் திரவமும் அதே இனம். அவை பூச்சியின் மெழுகோடு இலையின் மெழுகையும் எடுத்துவிடும். மறுநாள் இலை ஓரம் கருகும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி: ஒரு தம்ளர் போர் தண்ணீரில் கரைத்துப் பாருங்கள். உண்மையான சோப்பென்றால் உப்புத் தண்ணீரில் திரிந்து வெள்ளைத் திட்டாக மிதக்கும், டிடர்ஜென்ட் என்றால் தெளிவாக நுரைக்கும். இந்தச் சோதனையே அடுத்த எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறது. திரிகிற தண்ணீரில் சோப்புக் கரைசல் வேலை செய்யாது, ஏனென்றால் வேலை செய்ய வேண்டிய சோப்பு திட்டாகப் போய்விட்டது. சுண்ணாம்பு அதிகமுள்ள போர் தண்ணீர் என்றால் மழைத் தண்ணீர் பிடித்து வையுங்கள். சாரல் காலத்தில் ஒரு குடம் பிடிக்க அரைமணி நேரம் ஆகாது.

சோப்பின் பலம் ஈரமாக இருக்கிற வரைக்கும்தான். காய்ந்த பிறகு வந்து உட்காரும் பூச்சியை அது ஒன்றும் செய்யாது. அதனால் வெயில் ஏறும் முன் காலை ஆறு, ஆறரைக்குள்ளாகவோ மாலை ஐந்துக்குப் பிறகோ அடிக்க வேண்டும். நண்பகலில் அடித்தால் பூச்சி தப்பும், இலை வேகும். குட்டி ஒரு வாரத்தில் தாயாகும் என்பதால் 4 அல்லது 5 நாள் இடைவெளியில் மூன்று தடவை அடித்தால்தான் கூட்டம் அறும். ஒரே தடவை அடித்துவிட்டு 'சோப்பு வேலைக்கு ஆகாது' என்று சொல்வது நியாயமில்லை. எந்தச் செடிக்கும் முதல் தடவை இரண்டு இலையில் மட்டும் அடித்து இரண்டு நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேப்பெண்ணெய்: பி.பி.எம். எண்ணுக்கு மயங்க வேண்டாம்

அசுவினிக்கு வேப்பெண்ணெய் இரண்டு வழியில் வேலை செய்கிறது. எண்ணெய்ப்படலம் பூச்சியின் மூச்சுத் துளையை அடைக்கும். அசாடிராக்டின் என்ற பொருள் குட்டி தோலுரிப்பதைக் கெடுக்கும். பாட்டிலில் 300, 1500, 10000 என்று இருக்கும் பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) கணக்கு இரண்டாவதான அசாடிராக்டினுக்கு மட்டும்தான். காய்ப்புழுவுக்கும் இலை தின்னும் புழுவுக்கும் அந்த எண் முக்கியம். சாறு உறிஞ்சுகிற அசுவினிக்கு எண்ணெய்ப்படலமே முதல் வேலைக்காரன். 10000 பி.பி.எம். பாட்டிலில் லிட்டருக்கு 2 மில்லி விடும்போது படலம் மெலிது, கொல்வது மெதுவு. நாலு நாள் கழித்துப் பார்த்தால் தாய்ப்பூச்சி அப்படியே குட்டி போட்டுக்கொண்டிருக்கும்.

கணக்கும் ஒத்துவரவில்லை. 100 மில்லி பாட்டிலிலிருந்து 50 லிட்டர் கரைசல் வரும். முப்பது பை வீட்டில் அது இருபத்தைந்து தடவைக்கானது. அதற்குள் காலாவதித் தேதி வந்துவிடும், மூடி திறந்த பாட்டில் அடுப்பங்கரை அலமாரிச் சூட்டில் இருந்தால் அதற்கு முன்பே பலமிழக்கும். வாங்குவதாக இருந்தால் இருப்பதிலேயே சின்ன பாட்டில், இந்த வருடத் தயாரிப்புத் தேதி, மத்திய பூச்சிக்கொல்லி வாரியப் பதிவு எண் மூன்றையும் பார்த்து வாங்குங்கள். அளவுக்கு லேபிளில் இருப்பதே சட்டம். 'ரெடி டு யூஸ்' என்று அரை லிட்டர் பாட்டிலில் இணையத்தில் வருபவை பெரும்பாலும் தண்ணீர்தான். தண்ணீருக்குக் கூரியர் கூலி கொடுப்பது வீண்.

எங்கள் தேர்வு செக்கு வேப்பெண்ணெயை வாங்கி வீட்டிலேயே கரைப்பது. அதற்குக் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வேப்பெண்ணெய், பூண்டுக் கரைசல் கச்சிதமான முறை. 10 லிட்டருக்கு 200 மில்லி எண்ணெய், 200 கிராம் பூண்டு, 50 கிராம் பார் சோப்பு என்பது அவர்கள் கணக்கு. வீட்டுக்கு 1 லிட்டர் போதுமென்றால் 20 மில்லி, 20 கிராம், 5 கிராம். சோப்பை 50 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் கரையுங்கள். பூண்டை அரைத்து 30 மில்லி தண்ணீரில் சாறெடுத்து மெல்லிய துணியில் இரண்டு தடவை வடிகட்டுங்கள். எண்ணெயில் சோப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு விடாமல் கலக்கினால் பாலாகத் திரளும். அதில் பூண்டுச் சாறு சேர்த்து, 900 மில்லி தண்ணீர் விட்டால் ஒரு லிட்டர்.

இதில் கெடுவது எப்போதும் ஒரே இடத்தில்தான். அவசரத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் எண்ணெயை ஊற்றி, மேலே சோப்பைப் போட்டுக் குலுக்குவார்கள். எண்ணெய் வளையம் வளையமாக மிதக்கும். தெளிப்பானில் முதலில் வெறும் தண்ணீர் போகும், கடைசியில் தனி எண்ணெய் போய் கடைசி ஐந்து செடியின் இலையைச் சுட்டுவிடும். கலவை சரியா என்று பார்க்க ஒரு சொட்டைத் தண்ணீர்த் தம்ளரில் விடுங்கள். பால் மாதிரி கலைந்தால் சரி, மேலே எண்ணெய்ப் பொட்டு தெரிந்தால் இன்னும் கலக்க வேண்டும். கரைத்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். சோப்பின் காரத்தில் அசாடிராக்டின் சிதைந்துகொண்டே போகும், வெயிலிலும் சிதையும். ஆகவே மாலையில் அடிப்பதே நல்லது. சித்திரை, வைகாசி வெயிலில் 20 மில்லி இளஞ்செடிக்கு அதிகம். பாதியாக்கி 10 மில்லியில் அடியுங்கள்.

வேப்பங்கொட்டை கிடைப்பவர்களுக்கு 5 சதவீதச் சாறு இன்னும் மலிவு. லிட்டருக்கு 50 கிராம் கொட்டைப் பருப்பைப் பொடித்து, துணியில் கட்டி, இரவு முழுக்க ஊறவைத்துப் பிழிந்து, கொஞ்சம் சோப்பு சேர்த்து அடிப்பது. ஆனி, ஆடியில் பொறுக்கி நிழலில் உலர்த்திய கொட்டை மூன்று மாதத்துக்குப் பிறகு எட்டு மாதம் வரை நன்றாக இருக்கும். பூஞ்சை பிடித்த கொட்டையையும் போன வருடக் கொட்டையையும் யாராவது மலிவாகத் தந்தால் வாங்காதீர்கள்.

பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய வேப்ப சோப்பும் புங்க சோப்பும் நேரமில்லாதவர்களுக்கு நல்ல வழி. எண்ணெயும் சோப்பும் ஏற்கெனவே சேர்ந்திருப்பதால் கலக்கும் தொல்லை இல்லை. சீவிக் கரைத்து அப்படியே அடிக்கலாம். எடை பார்க்கச் சமையலறைத் தராசு இருந்தால் போதும்.

வெர்டிசிலியம்: சாரல் பிடித்தால் வாங்கு, கோடையில் விட்டுவிடு

ஊருக்கு ஊர் தீர்ப்பு மாறுகிற ஒரே பொருள் இது. லெக்கானிசிலியம் லெக்கானி என்ற பூஞ்சையின் வித்துகள் டால்க் பொடியில் கலந்து வருகின்றன. பழைய பெயரான வெர்டிசிலியம்தான் பொட்டலத்தில் இருக்கும். வித்து அசுவினியின் தோலில் ஒட்டி, முளைத்து, உள்ளே புகுந்து கொல்லும். ஐந்தாறு நாளில் செத்த பூச்சியைச் சுற்றி வெண்பஞ்சு போல வளையம் தெரியும். முளைக்க அதற்குக் காற்றில் தொடர்ந்து ஈரம் வேண்டும். ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வருகிற சாரல் காற்று அந்த ஈரத்தைக் கொண்டுவந்து தருகிறது. செங்கோட்டை, புளியரை, கற்குடி பக்கம் அந்த இரண்டு மாதமும் இந்தப் பொடி காசுக்குத் தகும். அதே பொட்டலத்தைக் கிழக்கே சங்கரன்கோவிலின் வறண்ட காற்றில் மாசி மாதம் அடித்தால் வித்து முளைக்கும் முன் காய்ந்துபோகும். 'டூப்ளிகேட் மருந்து' என்று கடைக்காரரைத் திட்டுவதில் பொருளில்லை.

அளவில் குழப்பம் உண்டு. கேரளப் பக்கம் லிட்டருக்கு 20 கிராம் என்பதே வழக்கம். இங்கே விற்கும் பல பொட்டலங்களில் 5 கிராம் என்று இருக்கும். வித்தின் எண்ணிக்கை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், ஆகவே கையிலிருக்கும் பொட்டலத்தின் லேபிளைத்தான் பின்பற்ற வேண்டும். பொடியைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, அரைமணி விட்டு, மேலே தெளிந்ததை வடிகட்டி எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் தங்குகிற டால்க் நாசிலுக்கு எமன். பொழுது சாய்ந்த பிறகே அடிக்க வேண்டும். ஒரு வாரம் முன்னோ பின்னோ போர்டோ கலவை, தாமிர மருந்து எதுவும் அந்தச் செடியில் கூடாது. பூஞ்சைக்கொல்லி நல்ல பூஞ்சை, கெட்ட பூஞ்சை பார்ப்பதில்லை.

குறை பொட்டலத்தின் அளவுதான். ஒரு கிலோவுக்குக் குறைவாகப் பல கடையில் இல்லை. உள்ளே இருப்பது உயிர். கண்ணாடி அலமாரியில் வெயில் படும் இடத்தில் அடுக்கிய பொட்டலத்தைத் தள்ளிவிட்டுப் பின்னால் நிழலில் இருப்பதைக் கேளுங்கள். தயாரிப்புத் தேதி மூன்று மாதத்துக்குள் இருந்தால் நல்லது. தெருவில் நாலு வீடு சேர்ந்து ஒரு பொட்டலம் வாங்கிப் பிரித்துக்கொள்வதே சரியான வழி.

தட்டைப்பயற்றின் கறுப்புப் பேனுக்கென்றே ஃபியூசேரியம் பாலிடோரோசியம் என்னும் இன்னொரு பூஞ்சையையும் கேரள வேளாண் பல்கலைக்கழகம் தன் சாகுபடிப் பரிந்துரையில் வைத்திருக்கிறது. கொல்லம் பக்கம் உறவுக்காரர் இருந்தால் அங்குள்ள வேளாண் அலுவலகமான கிருஷிபவனில் விசாரிக்கச் சொல்லலாம்.

மஞ்சள் அட்டை, எறும்பு

மஞ்சள் ஒட்டும் அட்டை அசுவினியைக் கட்டுப்படுத்தாது, காட்டிக்கொடுக்கும். இறக்கை முளைத்துப் பறந்து வருவது மட்டும் அதில் ஒட்டும். செடியில் உட்கார்ந்து பெருகுகிற ஆயிரத்துக்கும் அட்டைக்கும் சம்பந்தமில்லை. மாடிக்கு இரண்டு அட்டை, செடியின் நுனிக்கு ஒரு சாண் மேலே. பத்து அட்டை தொங்கவிட்டால் அசுவினியைத் தேடி முட்டையிட வருகிற பூ ஈயும் குட்டிக் குளவியும் சேர்ந்து ஒட்டிச் சாகும். அட்டைக்குப் பதிலாக மஞ்சள் பிளாஸ்டிக் தட்டில் ஆமணக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டாலும் அதே வேலைதான்.

எறும்புக்குச் செலவே வேண்டாம். அசுவினி கழிக்கும் இனிப்புநீருக்காக எறும்பு அதற்குக் காவலிருக்கிறது. பொறிவண்டைக் கடித்து விரட்டுகிறது. எறும்பை நிறுத்தாமல் மருந்தடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். பையைச் செங்கல் மேல் ஏற்றி, செங்கலைத் தண்ணீர் நிற்கும் தட்டில் வையுங்கள். பந்தல் காலில் ஆமணக்கெண்ணெயில் நனைத்த துணியை இறுக்கிச் சுற்றி வாரம் ஒருமுறை மறுபடி நனையுங்கள். சாம்பல் தூவுவது பழைய, நல்ல வழக்கம். அதிகாலைப் பனி ஈரத்தில் சலித்த விறகுச் சாம்பலை அவரை நுனியில் தூவினால் பேன் குறையும். மழையில் நிற்காது. வேம்பு அடித்த அன்று மட்டும் தூவாதீர்கள், சாம்பலின் காரம் வேம்பைக் கெடுக்கும்.

வாங்கக் கூடாதவை

உள்ளடக்கம் எழுதாத 'ஹெர்பல்' பாட்டில். பதிவு எண் இல்லை, உற்பத்தியாளர் முகவரி இல்லை, 'எல்லாப் பூச்சிக்கும்' என்று மட்டும் இருக்கும். அடித்த பத்து நிமிடத்தில் அசுவினி, வண்டு, சிலந்தி எல்லாம் கொத்தாகக் கீழே விழுந்தால் சந்தோஷப்படாதீர்கள். மூலிகை பொதுவாக அப்படிக் கொல்லாது, உள்ளே ரசாயனம் கலந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். அந்தக் கொத்தமல்லிச் சட்னியைச் சாப்பிடுவது நம் குழந்தைகள்தானே. அடித்த செடியின் இலையைப் பறிக்காமல் விட்டுவிடுங்கள், பாட்டிலைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

புகையிலைக் கஷாயமும் வீட்டுத் தோட்டத்துக்கு வேண்டாம். அரை கிலோ புகையிலைக் கழிவை நாலரை லிட்டர் தண்ணீரில் ஒரு நாள் ஊறவைக்கும் முறை புத்தகங்களில் இருக்கிறது, அசுவினியையும் கொல்லும். ஆனால் அதிலிருப்பது நிகோடின். தோல் வழியாகவே உடம்பில் ஏறும் நஞ்சு. நிகோடின் சல்ஃபேட் மருந்து இந்தியாவுக்குள் பயன்படுத்தவே தடை செய்யப்பட்டது. போதாததற்குப் புகையிலையோடு தேமல் வைரஸ் வந்து மிளகாய், தக்காளியில் ஒட்டிக்கொள்ளும். செடியிலிருந்து வந்தது என்பதால் ஒன்று பாதுகாப்பாகிவிடாது.

இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய்க் கரைசல் தப்பில்லை. ஆனால் அதில் கொல்வது பெரும்பாலும் கூடச் சேர்க்கும் சோப்புதான். மிளகாய் அதிகமானால் இளநுனி கருகும்; கண்ணுக்கும் எரிச்சல்.

பச்சையாகத் தின்னும் இலைகளுக்கு

புதினா, கொத்தமல்லி, துளசி, கற்பூரவள்ளி இவற்றுக்கு வேப்பெண்ணெய் வேண்டாம். கசப்பும் வாடையும் ஒரு வாரம் போகாது, துவையல் வாயில் வைக்க முடியாது. புதினாவைத் தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் மொத்தமாக அறுத்து, வெட்டியதைத் தோட்டத்துக்கு வெளியே போடுங்கள். இருபது நாளில் சுத்தமான தளிர் வரும். கொத்தமல்லியில் பூங்கொத்து வரும்போதுதான் அசுவினி மொய்க்கும். இலைக்காக வளர்ப்பதென்றால் பூக்கும் முன் பிடுங்கி, பதினைந்து நாளுக்கொரு முறை கொஞ்சம் கொஞ்சமாக விதையுங்கள். தண்ணீர்ப் பீச்சலுக்கு அடங்காவிட்டால் மட்டும் சோப்பு. மறுநாள் நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு, இரண்டு நாள் கழித்துப் பறிக்கலாம்.

கறிவேப்பிலைத் தளிரில் சுருட்டல் தெரிந்தால் அந்தக் கொழுந்தை ஒடித்துவிடுங்கள். சுருண்ட இலைக்குள் எந்த மருந்தும் புகாது. முற்றிய இலைக்குச் சேதமில்லை. சாம்பாருக்கு அதுதானே வேண்டும்.

மருந்தால் ஆகாதவை

மிளகாயில் இலை சிறுத்துத் தேமல் விழுந்துவிட்டால் அது வைரஸ். பறந்து வந்த ஒரு அசுவினி வாயை இறக்கிப் பார்க்கிற சில நொடியிலேயே அதைச் செலுத்திவிடும், எந்தப் பாட்டிலும் அதை முந்த முடியாது. செடியைப் பிடுங்கிப் புதையுங்கள், பக்கத்துச் செடிக்கு மருந்தடித்துக்கொண்டிருக்க வேண்டாம். கொல்லையில் வாழை இருந்தால் இலை உறையின் இடுக்கில் இருக்கும் பழுப்பு அசுவினியையும் பாருங்கள். முடிக்கொத்து நோயை அதுதான் கொண்டுவருகிறது. நோய் கண்ட கன்றைக் கிழங்கோடு தோண்டி அழிப்பதே வழி.

அசுவினி திரும்பத் திரும்ப வருகிறது என்றால் உரத்தைப் பாருங்கள். கடலைப் பிண்ணாக்கைப் புளிக்கவைத்து வாரம் இரண்டு தடவை ஊற்றுகிற வீட்டில் தண்டு தளதளவென்று இருக்கும், சாறும் இனிக்கும். அதைப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவையாக்கினாலே பாதி குறையும். வேப்பம் பிண்ணாக்கை அசுவினி மருந்து என்று விற்றால் நம்பாதீர்கள். மண்ணுக்கு அருமையான பொருள், நூற்புழுவுக்கும் நல்லது, ஆனால் நுனியில் இருக்கிற பேனை அது தொடாது.

மருந்தடிக்கும் முன் ஒவ்வொரு தடவையும் நுனியைக் கிட்டத்தில் பாருங்கள். கறுப்பும் ஆரஞ்சுமாக, முதலைக் குட்டி மாதிரி ஊர்வது பொறிவண்டின் புழு. இதையே தீய பூச்சி என்று நசுக்கிவிடுகிறார்கள். கூட்டத்துக்கு நடுவே கால் இல்லாத பச்சை அட்டை போல நெளிவது பூ ஈயின் புழு. உப்பிப் பழுப்பாக, மினுமினுவென்று அசையாமல் இருக்கும் அசுவினிக்குள் குளவி வளர்கிறது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்தக் கிளைக்குத் தெளிப்பானைக் கொண்டுபோகாமல் ஐந்து நாள் விடுங்கள். தை மாத அவரைப் பந்தலில் இவை மூன்றும் ஒரே கொத்தில் இருப்பது சாதாரணம். எறும்பு மட்டும் ஏறாமல் பார்த்துக்கொண்டால் கொடி பூவெடுக்கும்.